ஹாஜியார் பட்டியலில் முதல் பெயர்

கைரவானில் மசாலாக் கடை வைத்திருந்த துஹாமி ஹாஜியார், செக்குக்காரர் அம்மாரின் இளைய மகன். அம்மாரின் தகப்பனாரும் பிடிவாதக்காரர்தான். அந்தக் குடும்பத்தில் கழுத்து வளையாது. தொழுகை நேரத்தில் கல்யாணப் பாட்டு அலறினால் முதலில் போய் நிறுத்தச் சொல்பவர் துஹாமி. நோன்பு மாதத்தில் ஒளிந்து காபி குடிப்பவன் அவர் நிழலைக் கண்டால் கோப்பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு துள்ளுவான். ஆனாலும் ஊர் அவரை வெறுக்கவில்லை. எந்த வீட்டில் மவுத் நடந்தாலும் குழி வெட்ட மண்வெட்டியோடு வந்து நிற்பவரும் அவரே.

"பொம்பளைக்கு வீடுதான் ராஜ்ஜியம். அவ சபைக்கு வந்தா சபையும் கெடும், வீடும் கெடும்" என்பது அவர் ஓயாமல் சொன்ன பேச்சு.

நாட்டில் புரட்சி நடந்து பழைய ஆட்சி போன பிறகு நகராட்சித் தேர்தல் வந்தது. தீனுக்கு, அதாவது மார்க்கத்துக்கு, பயந்தவர்கள் சபையில் உட்கார வேண்டும் என்று ஹாஜியார் ஆள் திரட்டினார். அத்தனை பேரும் ஆண்கள். மனுக் கொடுக்க மறுநாளே கடைசி என்றிருக்கையில் கட்சியிலிருந்து போன் வந்தது. வேட்பாளர் பட்டியலில் பெண்ணும் ஆணும் மாறிமாறி வரவேண்டும், இந்த ஊரில் முதல் பெயர் பெண்ணுடையது, இல்லையென்றால் பட்டியல் செல்லாது.

ஹாஜியார் வீடு வீடாக ஏறினார். முதலில் மச்சான் லஸ்ஹர் வீடு.

"உன் பொஞ்சாதிய நிக்கச் சொல்லுடா."

"நீங்கதானே மச்சான், சபைக்கு வந்தா வீடு கெடும்னீங்க? அதைக் கேட்டுத்தான் அவளைச் சந்தைக்குக்கூட விடாம வெச்சிருக்கேன்."

ஏறிய வாசலெல்லாம் அதே பதில். முப்பது வருஷம் விதைத்தது ஒரே நாளில் விளைந்து நின்றது.

வாடிய முகத்தோடு வந்து மனைவி மப்ரூகா முன் உட்கார்ந்தார். அவள் அவருடைய அத்தை மகள். பாதாம் பருப்பு போட்ட தேநீரை நகர்த்தினாள்.

"நீ நிக்கணும், மப்ரூகா."

"நீங்க சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டவ நான். வாசல் தாண்ட மாட்டேன்."

"தீனுக்காகத்தான் கேக்கறேன்."

"அப்ப ரெண்டு நிபந்தனை. நான் பேசறப்ப குறுக்க வாயைத் திறக்கக் கூடாது. கூட்ட நாள்ல சமையல் உங்களோடது."

ஹாஜியார் தேநீரை ஒரே மடக்கில் குடித்துத் தலையாட்டினார். மப்ரூகா போர்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன்னோடு குர்ஆன் ஓதும் பெண்களைப் பார்க்கப் போனாள். இரவு இஷா தொழுகைக்குள் வேண்டிய அத்தனை பெயரும் வந்துவிட்டன. லஸ்ஹரின் மனைவி பெயரும் அதில் இருந்தது.

வாக்கு எண்ணியபோது அவர்கள் பட்டியலுக்கு ஒரே ஒரு இடம் கிடைத்தது. அது முதல் பெயரான மப்ரூகாவுக்கு. இரண்டாவதாக நின்ற ஹாஜியாருக்கு மண்வெட்டியும் மசாலாக் கடையும்தான்.

முதல் கூட்டத்திலேயே மப்ரூகா எழுந்து, பாங்கு சொல்லும் நேரத்தில் தெருவில் கல்யாண ஒலிபெருக்கி அலறக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தாள். பள்ளிவாசலை எட்டிப்பார்க்காதவர்கள்கூடக் கைதூக்கினார்கள். சத்தம் அவர்கள் காதையும்தானே துளைத்துக்கொண்டிருந்தது. ஹாஜியார் வாலிபத்திலிருந்து கத்தியும் நடக்காத காரியம்.

சேதி அவள் வருமுன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. ஹாஜியார் வாசலிலேயே நின்றார்.

"என் மானத்தைக் காப்பாத்திட்டே."

"அது இருக்கட்டும், பசிக்குது."

கோதுமை ரவையில் ஆக்கிய கூஸ்கூஸ் தட்டை வைத்தார். ஆவி போதாமல் கட்டி கட்டியாகக் கிடந்தது. அவள் ஒரு கட்டியை விரலால் உடைத்துப் பார்த்தாள்.

"வீடுதான் ராஜ்ஜியம்னீங்களே, ஹாஜியாரே. ராஜ்ஜியம் பண்றது லேசுன்னு நெனச்சீங்களா?"

"அடுத்த கூட்டம் என்னிக்கு?" என்று கேட்டார் ஹாஜியார். "அதுக்குள்ள பழகிடறேன்."