சைவ வீட்டில் ஒரு குருநகர்ப் பூனை

பூனை வளர்க்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குருநகரில் மீன் இறக்கும் கரைக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. நான் நடக்கப் பழகியதே பூனைகளுக்கு நடுவில்தான். எந்தப் பூனைக்கு வயிற்றில் புழு, எது குட்டி போடப் போகிறது, எதற்குத் தொண்டையில் முள் நிற்கிறது என்று தூரத்தில் நின்று பார்த்தே சொல்லிவிடுவேன். சொன்னது பிழையாய்ப் போனதாக நினைவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கரையில் ஷெல் குண்டு விழத் தொடங்கியது. கடலுக்கும் போக முடியவில்லை. கல்யாணமாகி மூன்று வருடமான நானும் கணவரும் நல்லூர்ப் பக்கம் வீடு தேடிப் போனோம். சைக்கிளின் பின்னால் இரண்டு பெட்டி, முன்னால் உமல் என்னும் ஓலைப் பைக்குள் எங்கள் பூனை. கறுப்பும் வெள்ளையுமான பெட்டைப் பூனை. வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தது.

முருகன் கோயிலுக்குப் பின்பக்கம், ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் குறுகிய தெருவில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஒழுங்கையில் எல்லாரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நாங்கள் எந்த ஊர், என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை. உமலில் இருந்த மீன் மணமே சொல்லியிருக்கும்.

“பின்பக்கத்து ரெண்டு அறையையும் தாறன்” என்றார். “ஆனா ஒண்டு. இந்த வளவுக்குள்ளை மச்சம் காய்ச்சேலாது.”

மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் பக்கத்தில் மச்சம் என்போம்; வளவு என்றால் வீடும் அதைச் சுற்றியுள்ள காணியும். என் கணவர் வானத்தைப் பார்த்தார். நான் “ஓம் ரீச்சர்” என்றேன்.

“பூனை நிக்கட்டும். எலி கூடிப்போச்சு. ஆனா அதுக்கும் மச்சம் இல்லை. பாலும் சோறும் நானே வைப்பன்.”

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. கேட்காமல் குடியிருக்க முடியாத கேள்வி. “கிணத்திலை நாங்கள் அள்ளலாமோ ரீச்சர்?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “உதென்ன கேள்வி? பின்னை தண்ணிக்கு எங்கை போவீர்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ரீச்சர் சொன்ன சொல் தவறவில்லை. காலையும் மாலையும் பசுப்பாலில் சோற்றைக் குழைத்து ஒரு பழைய கோப்பையில் வைத்தார். பூனை பசியில் நக்கித் தின்றது. மூன்றாம் நாளே வயிற்றோட்டம். இரண்டு கிழமைக்குள் முதுகெலும்பு தெரிந்தது. மயிர் மினுக்கம் போய்த் தும்பு மாதிரி நின்றது. எலியைக் கண்டாலும் தலையைத் திருப்பிப் படுத்துக்கொண்டது.

“ரீச்சர், பால்தான் இதுக்குக் கூடாமல் கிடக்கு. வளந்த பூனைக்குப் பசுப்பால் செமிக்காது” என்றேன்.

“பூனை பால் குடியாதோ? நான் முப்பது வருசம் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். எல்லாப் புத்தகத்திலையும் பூனை பால்தான் குடிக்குது.”

“புத்தகத்திலை குடிக்கும். பிறகு அதுக்கு வயித்தாலை போறதைப் புத்தகத்திலை போடமாட்டினம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பாலை நிறுத்தவில்லை.

நான் வாக்குக் கொடுத்தது வளவுக்குள் காய்ச்சுவதில்லை என்றுதான். கடல் இல்லாமல் போன பிறகு என் கணவர் சந்திக்குக் கிட்ட ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். அங்கே மூன்று கல் வைத்து, ஒரு தகரப் பேணியில் மீன் அவித்தார். பாசையூரில் இருந்த என் அக்கா வீட்டுப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் வலை போட்டவர்களிடம் சூடை மீன் கிடைக்கும். உப்பில்லை, புளியில்லை, வெறும் அவியல். நான் முள்ளை எடுத்து உதிர்த்து, ஒழுங்கை முனையில் ஆளில்லாத வீட்டு மதிலோரம் வைத்துப் பூனையைக் கூப்பிடுவேன். ரீச்சர் வைக்கும் கோப்பையைப் பூனை பிறகு மணந்துகூடப் பார்க்கவில்லை. அதைக் காகங்கள் பார்த்துக்கொண்டன. குடிக்க ஒரு மண்சட்டியில் கிணற்றுத் தண்ணீர் வைத்து, நாள்தோறும் மாற்றினேன். பேன் சீப்பால் வாரித் தெள்ளுகளைச் சவர்க்கார நுரைத் தண்ணீரில் போட்டேன். ஒரு மாதத்தில் பூனை பழையபடி மினுங்கியது. குசினி அடுப்படியில் எலியும் குறைந்தது.

ரீச்சருக்கு நல்ல சந்தோசம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் வேலிக்கு மேலால் சொன்னது எனக்குக் கேட்டது. “பாத்தீங்களே? என்ரை பாலும் சோறும்தான். மரக்கறிச் சாப்பாட்டிலை பூனை எப்பிடி வந்திட்டுது!”

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு வீட்டுப் பூனைக்கும் அந்தப் பாலும் சோறும் போய்ச் சேரும் என்று நினைத்தபோது பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டம்மா உள்ளே போனதும் ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதிலோரம், சூடை மீன், காகம், எல்லாம்.

அவர் முகம் கறுத்தது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாமான்களைக் கட்டத் தேவைப்படும் என்று என் கணவர் கயிறு தேடினார். மூன்றாம் நாள் காலை, வாசல் படலைக் கதவோரம் பூப்பறித்துக்கொண்டே, என்னைப் பாராமல் ரீச்சர் சொன்னார்: “படலைக்கு வெளியிலை நடக்கிறது ஒண்டும் எனக்குத் தெரியத் தேவையில்லை.”

அன்றிலிருந்து கோப்பையில் பால் வைப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஆவணி மாதம் நல்லூர்க் கொடியேறியது. திருவிழா இருபத்தைந்து நாளும் அந்தப் பக்கத்து வீடுகள் எதிலும் மச்சம் இராது. ஒழுங்கையிலும் மீன் மணக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். கொடியேறி நாலாம் நாள், ரீச்சரின் அலுமாரி அடித்தட்டில், அவர் கோயிலுக்கென்று மடித்து வைத்திருந்த சேலைகளுக்கு மேல், எங்கள் பூனை மூன்று குட்டி போட்டது.

சத்தம் கேட்டு ஓடிப் போனேன். ரீச்சர் அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். அவரோ குசுகுசுத்தார்: “கிட்ட வராதையும். இப்பதான் நக்கிக்கொண்டிருக்கிறா.”

குட்டிகளை இடம் மாற்றினால் தாய் தூக்கிக்கொண்டு வேறெங்காவது ஒளிக்கும் என்றேன். சேலைகள் அப்படியே கிடந்தன. சாப்பாடுதான் சிக்கல். பால் கொடுக்கும் பூனைக்குச் சாதாரண நாளைப்போல இரண்டு மடங்கு வேண்டும். ஒழுங்கையில் வைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே காலையும் பின்னேரமும் பூனையைத் தூக்கிக்கொண்டு கணவரின் வேப்பமரத்தடிக்கே போனேன். விழுங்கிவிட்டு அது எனக்கு முன்னால் குட்டிகளிடம் ஓடிவிடும். ரீச்சர் படலையைத் திறந்துவிடுவார். எங்கே போகிறோம் என்று கேட்கமாட்டார்.

குட்டிகள் கண் விழித்து இரண்டு மூன்று நாளிருக்கும். பாசையூரில் என் தகப்பனாரின் ஆண்டு நினைவுப் பூசை வந்தது. போய்ப் பின்னேரமே திரும்புவதாக நானும் கணவரும் காலையில் புறப்பட்டோம். பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் நிற்கும்போது ஷெல்லடி தொடங்கியது. அக்கா வீட்டுப் பங்கர் குழிக்குள் இறங்கியவர்கள்தான், இரண்டு நாள் வெளியே வர முடியவில்லை. அக்காவின் பிள்ளைகள் அழுதார்கள், அக்கா செபமாலை சொன்னாள். எனக்கு அந்த நேரத்திலும் பூனைதான் நினைவு. பால் வற்றினால் முதலில் எந்தக் குட்டி போகும் என்றுகூடத் தெரியும். சின்னஞ்சிறு மஞ்சள் குட்டிதான்.

“இஞ்சேர், ரீச்சர் ஏதும் குடுப்பா” என்றார் கணவர்.

“என்னத்தைக் குடுப்பா? பாலும் சோறும்தான்” என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஷெல் ஓய்ந்ததும் சைக்கிளை உழக்கினோம். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே எனக்கு மூக்கில் பட்டது. நெத்தலி. அவிந்த நெத்தலி. திருவிழாக் காலத்தில், நல்லூரில், ரீச்சர் வீட்டு வளவுக்குள் இருந்து.

பின்வளவில், வாழைகளுக்கு அப்பால், ரீச்சர் குந்தியிருந்தார். சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தார். தலை இன்னும் காயாமல் ஈரமாக இருந்தது. முன்னால் மூன்று செங்கல், ஒரு புதுமண்சட்டி. வாழையிலைத் துண்டில் அவித்த நெத்தலியைக் கொட்டி, ஒவ்வொன்றாக நடுமுள்ளை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். காலடியில் பூனை பொறுமையில்லாமல் சுற்றியது.

என்னைக் கண்டதும் கட்டை அவிழ்த்தார். “உயிரோடை வந்திட்டீங்களே” என்றார். பிறகு உடனே வாத்தியார்க் குரல் வந்துவிட்டது. “உப்புப் போடேல்லை. சரிதானே?”

“சரி ரீச்சர். ஆனா நெத்தலிக்கு முள்ளெடுக்கத் தேவையில்லை. அவிஞ்சா மெத்தெண்டிடும்.”

“முள்ளெடுக்கோணும் எண்டு நீர் தானே சொன்னனீர்?”

“அது சூடைக்கு.”

“எனக்கு உதுகளுக்கை வித்தியாசம் தெரியுமே?” என்று விரல்களை விரித்துக் காட்டினார். செதிலும் பிசுக்குமாக இருந்தது.

நாங்கள் வராத முதல் நாள் பின்னேரம் பூனை அவர் காலில் வந்து வந்து இடித்திருக்கிறது. பயறு அவித்து வைத்தார், தொடவில்லை. மறுநாள் விடிய மஞ்சள் குட்டி சத்தமில்லாமல் கிடந்தது. ரீச்சர் நேரே சந்தைக்குப் போனார். வாழ்நாளில் அவர் மீன் பக்கம் போனதில்லை. விற்பவளிடம் “பூனைக்கு, பூனைக்கு” என்று இரண்டு தரம் சொன்னாராம். அவள் சிரித்தாளாம். எந்த மீன் என்று கேட்டதற்கு, “ஆகச் சின்னது” என்று கையால் காட்டினாராம். சமைக்கும் ஒவ்வொரு தரமும் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். இரண்டு நாளில் ஐந்து முழுக்கு. தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது.

“முருகனுக்கு நான் சொல்லிக்கொள்ளுவன்” என்றார். “நீர் முதல் அந்த மஞ்சளைப் பாரும்.”

பார்த்தேன். தாயின் மடியில் பால் ஊறியிருந்தது. மஞ்சள் குட்டியைப் பின்காம்பில் பிடித்துவிட்டேன். வாயால் கவ்வி இழுத்தது. பிழைத்துவிடும் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். பிழைத்தது.

குட்டிகளுக்கு ஆறு கிழமையானதும் வயிறு பானைபோல ஊதியது. புழு என்று கண்டு, சைக்கிளில் கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் மருந்து வாங்கிக் கொடுத்தேன். குட்டிகள் ஓடித்திரிந்த நாட்களில் பக்கத்து வீட்டு அம்மா ஒன்று கேட்டு வந்தார். ரீச்சர் கதிரையில் நிமிர்ந்து இருந்து விசாரித்தார்.

“வீட்டிலை மச்சம் காய்ச்சுவீங்களோ?”

“என்ன ரீச்சர் கேக்கிறியள்? நாங்கள் சுத்த சைவமெண்டு தெரியாதே?”

“அப்ப தரேலாது” என்றார் ரீச்சர். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குட்டியின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு குட்டிகள் மீன் சமைக்கும் வீடுகளுக்குப் போயின. மஞ்சள் ரீச்சரோடு நின்றது. அடுத்த வருடம் கணவருக்குப் பாசையூர்ப் பக்கம் மீண்டும் வலை வேலை கிடைத்தது. நாங்கள் புறப்படும்போது தாய்ப்பூனையைக் கொண்டுபோவதா என்று யோசித்தேன். அந்தக் கரையில் ஷெல் எப்போதும் விழலாம். இங்கே ஆழமான கிணறு, நல்ல வளவு, காலையில் சந்தைக்குப் போய் நெத்தலி வாங்கும் ஒருவர். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“ரீச்சர், ரெண்டும் உங்களோடை நிக்கட்டும்” என்றேன்.

“நிக்கட்டும்” என்றார். “வெள்ளிக்கிழமையிலை மட்டும் மச்சம் காய்ச்சேலாது, அதுக்கொரு வழி சொல்லும்.”

“வியாழன் பின்னேரம் வடிவாக் குடுங்கோ. வெள்ளி பொழுதுபட முதல் நான் கொண்டுவந்து வேப்பமரத்தடியிலை வைக்கிறன்.”

ஒரு மாதம் அப்படித்தான் போனேன். ஐந்தாம் வெள்ளி மழை. நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் குடையோடு ரீச்சர் நின்றார். இரண்டு பூனைகளும் அவர் சேலைக் கரையில் ஒதுங்கி நின்றன. என் கையிலிருந்த பொதியை வாங்கி, பிரித்து, ஒரு மீனை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“உது நேற்றையான் மீன்” என்றார். “இனிமேல் இப்பிடிக் கொண்டுவராதையும்.”

சரியாகத்தான் சொன்னார்.