கர்க்கடக மழையும் என் வலது தோளும்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் பேஸ்பால் ஆடுகிறேன் என்று சொன்னால், "ஏன், கிரிக்கெட் டீம்ல சேத்துக்கலையா?" என்று பாவமாகக் கேட்பார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் நானும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். ஆனால் எங்கள் அணியில் பந்து எறிகிறவன் நான்தான். அந்த வருஷம் மாநில முகாமுக்குப் போகிற வாய்ப்பு எனக்கு வந்திருந்தது. மழை ஓய்ந்ததும் தேர்வு. சோறு தண்ணீர்கூட இரண்டாம் பட்சம், அந்த முகாம்தான் எனக்கு எல்லாம்.

ஆட்டம் இல்லாத மாதங்களில் உடம்பு துருப்பிடித்துவிடும் என்பது எங்கள் கோச்சின் கொள்கை. பழைய பட்டாளத்துக்காரர், இளமையில் பந்து எறிந்தவர். மைதானம் குளமாகக் கிடக்க, ஒருவனை ஒருவன் முதுகில் சுமந்துகொண்டு காலரிப் படிகளில் ஏறவேண்டும். பிறகு தூணில் கட்டிய சைக்கிள் டியூபைத் தோளுக்கு மேலிருந்து, பந்தை எறிகிற மாதிரியே இழுக்கவேண்டும். அவர் மட்டும் நனையாமல் குடைக்குள் நின்று, "எந்தா அண்ணாச்சீ, காலத்து ஒண்ணும் கழிச்சில்லே?" என்று கத்துவார். காலையில் சாப்பிடவில்லையா என்று அன்பாக விசாரிக்கிறாராம்! சாலைக் கடைத்தெருவில் பிறந்த தமிழனுக்கு அண்ணாச்சி என்பதைத் தவிர வேறு பெயர் அணியில் யாருக்கும் தோன்றவில்லை.

என் அம்மாவின் கொள்கை நேர் எதிர். கர்க்கடகம், அதாவது நம் ஆடி மாதம், பிறந்துவிட்டால் அந்த ஊரில் உடம்புக்கு எண்ணெய் தேய்த்து, மருந்துக் கஞ்சி குடித்து, அலுங்காமல் கிடப்பார்கள். அம்மா நாகர்கோவில்காரி என்றாலும் இந்த விஷயத்தில் மலையாளிகளையே மிஞ்சிவிடுவாள். ஒருநாள் தோள் வலிக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், என்னை வைத்தியரிடம் இழுத்துப் போனாள். அவர் முறிவெண்ணெய் தேய்க்கச் சொல்லி, மாதம் முடியும்வரை அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்றுவிட்டார்.

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர். நாற்பது வயதிலேயே அவர் வலது கை காதுக்கு மேலே எழும்பாமல் நின்றுவிட்டது. சட்டை போட அம்மா உதவவேண்டும். "ஒரு வீட்டுல ஒரு கை முடங்கினது போதும்லே," என்றாள்.

கோச்சோ, ஒரு நாள் வராவிட்டாலும் முகாமை மறந்துவிடு என்றார். நான் என்ன செய்வேன்? இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையானேன். விடிந்ததும் ட்யூஷன் என்று சொல்லிவிட்டுக் காலரிப் படி, திரும்பி வந்து குப்புறப் படுத்து எண்ணெய். "இவ்வளவு தேச்சும் கல்லு மாதிரில்லா கெடக்கு, போலி எண்ணெயக் குடுத்துட்டானோ?" என்று அம்மா வைத்தியரைத் திட்டுவாள். நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அம்மா எனக்கு முன்னால் எழுந்து, ட்யூஷனுக்குப் போவதற்குள்ளேயே தேய்த்துவிட்டாள். பாழாய்ப்போன கோச் அன்றைக்கென்று பந்தை எறியச் சொன்னார். கையிலிருந்து வழுக்கிய பந்து நேரே அவர் குடையைக் கிழித்தது. அவர் பந்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"முறிவெண்ணெயா? இது பேஸ்பாலா, பிரசவ சிகிச்சையாடா?"

அணி மொத்தமும் சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் கிழிந்த குடையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மே, தினம் காலத்து நான் கஷ்டப்பட்டு உறுதியாக்கற கைய நீங்க எண்ணெய் போட்டு கெடுக்கறீங்க. இப்படிப் போனா இவனுக்குக் கேம்ப் இல்லா."

"தினம் காலையிலயா?" அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்ப ட்யூஷன்?"

நான் சுவரைப் பார்த்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அப்பாவிடம், "இஞ்ச பாருங்க, அந்தக் கையத் தூக்குங்க," என்றாள்.

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினார். கை காதருகே நின்றது.

"இது செமந்த கை," என்றாள் அம்மா. "எறிஞ்ச கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க எறிஞ்சவருதானே சாரே? தூக்கிக் காட்டுங்க."

"அதுக்கென்ன?" என்று கோச் விறைப்பாகக் கையைத் தூக்கினார். அது தோள்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். அப்பாவின் காதுவரைகூட எட்டவில்லை. உள்ளே எனக்குச் சிரிப்பு முட்டியது, அடுத்த நொடியே என் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் கையை மெல்ல இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருஷம் இவன் எறிய வேண்டா. அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார்.

முகாம் போயிற்று. கல்லூரி படிக்கிற தடியன் நான், அவர் எதிரிலேயே ஓவென்று அழுதேன். யாரும் தேற்றவில்லை. கோச் தர்மசங்கடமாகக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

"எங்க எழும்புறீங்க? சட்டையக் கழத்திட்டு இருங்க சாரே. " அப்பாவைக் கைகாட்டினாள். "இவங்க எடது கையால நல்லாத் தேய்ப்பாங்க."