ஆடாத படம்

கொட்டாம்பட்டியில் ஒரு பள்ளியில் என் மகனுக்கு வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் தினமும் பைக்கில் போய்வருவேன் என்றான். பஸ்ஸில் போ என்றேன். பேசிப் பார்த்துச் சலித்துப்போய், ஒருநாள் நெஞ்சில் சின்ன கேமராவை மாட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் வீடியோவைக் காட்டினான். ஒரு குலுக்கல் இல்லை. சாலை தானாக நகர்ந்து வந்து அவனுக்கு வழிவிட்டது.

"பாத்தியாம்மா, எம்புட்டு நிதானமா போறேன்னு."

"பல்லாக்குல போற மாதிரியில்ல இருக்கு. நீதான் சும்மா கெடந்து பயப்படுற," என்றார் என் கணவர்.

இயற்பியலில் பட்டம் வாங்கிய நான் அதை நம்பி, சரி என்றேன்.

போன மாதம் பள்ளி விழாவுக்கு அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். மேலூர் தாண்டியதும் எங்கள் பக்கத்துச் சாலையிலேயே தப்பான திசையில் எதிரே ஒரு டிப்பர் லாரி வந்தது. போன வேகத்திலேயே வண்டியை ஓரமாக ஒடித்தான். சாலையோர மண்ணில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கி நின்றது. இன்றைக்கும் நான் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதில்லை.

அன்றும் கேமரா அவன் நெஞ்சில்தான் இருந்தது; வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தைப் போடச் சொன்னேன். வீடியோவில் லாரி தெப்பம்போல மிதந்து போனது. வண்டி திரும்பியது, பூங்காவில் நடப்பவர் ஒதுங்குவதுபோல இருந்தது.

"அது ஸ்டெபிலைசேஷன்மா. இல்லாட்டி பாக்குறவங்களுக்குத் தலை சுத்தும்."

"பாக்குறவங்களுக்குத் தலை சுத்தக் கூடாது. பின்னாடி உக்காந்திருக்கவ செத்தாப் பரவால்லையாடா?"

நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கேமராவுக்குள் இருக்கும் சென்சார், வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கிறது. கேமரா எடுப்பது பெரிய படம்; நமக்குக் காட்டுவது அதன் நடுப்பகுதி மட்டும். கேமரா வலப்பக்கம் ஆடினால், அந்த நடுப்பகுதியை அதே அளவுக்கு இடப்பக்கம் தள்ளிவிடுகிறது. மிச்சம் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகிறது. என்ன ஒரு மூளை! மனிதர் ஆடியதைத் துல்லியமாக அளந்துவிட்டு, ஆடவே இல்லை என்று காட்டுவதற்கு ஒரு கருவி. கண்டுபிடித்த மேதைகளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அந்தப் பிள்ளைகள் பைக் ஓட்டுகிறார்களா என்று தெரியவில்லை.

ஆனால் அந்த மேதைகள் சத்தத்தை விட்டுவிட்டார்கள். தெப்பம் மிதக்கும் அதே படத்தில் என் அலறல் கேட்டது. அதற்கும் மேலாக, டேங்க்கின் மேல் பையில் அவன் தினமும் கொண்டுபோகும் டிபன் பாக்ஸ் ஸ்பூனோடு சேர்ந்து கடகடவென்று அடித்துக்கொண்டது.

அதன்பிறகு அவன் வீடியோவைப் போட்டால், போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். மெதுவாகப் போகும் நாளில் டிபன் பாக்ஸ் எப்போதாவது ஒருமுறை முனகும், அவ்வளவுதான். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று போட்ட வீடியோவில் பாதி வழிக்கு அப்புறம் ஸ்பூன் ஓயவே இல்லை. எழுந்துபோய் பைக் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"என்னம்மா, நீ வீடியோவே பாக்கலையே."

"பாக்கலடா. கேட்டேன். காலையில ஆறே முக்காலுக்கு பஸ்ஸு."