எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி நான் கொடுத்த உளவுத் தகவல்

அன்று வந்த அம்மாளிடம் வாய் திறக்காமல் கதவைச் சாத்தியிருக்க வேண்டுமா? இரண்டு வாரமாக யோசிக்கிறேன், பதில் தெரியவில்லை.

நான் எம்.ஏ. வரலாறு. இரண்டாம் உலகப்போரிலும் அதற்குப் பிறகும் உளவுத்துறைகள் எப்படி வேலை பார்த்தன என்பதுதான் என் ஆய்வேடு. கோவில்பட்டியில் அது எதற்கு உதவும் என்று அப்பா கேட்டார். கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களை அவர் கவனித்ததில்லை போலும்.

எதிர்வீட்டுப் பெண் முன்பே வந்து சொல்லிவைத்திருந்தாள்.

"எக்கா, சாத்தூர்லருந்து யாராச்சும் விசாரிக்க வந்தா என்னைப் பத்தி நாலு குத்தம் சொல்லிருங்க. நான் மேல படிக்கணும். எங்கம்மா காதுலயே வாங்க மாட்டேங்கா."

வந்த அம்மாள் வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொன்னார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்கவே இல்லை. இந்த ஊரில் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வீடு தேடுகிறவர் உளவாளியாகத்தான் இருக்க முடியும்.

"எதிர்வீட்டுப் புள்ள எப்படித் தாயி?"

இடுப்பில் என் மகள் பல் முளைக்கும் எரிச்சலில் தாலியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கே எழுந்து படிக்கிற பெண்ணைப் பற்றி நான் கூசாமல் சொன்னேன்: "எட்டு மணிக்குத்தான் எந்திரிப்பா. அடுப்பங்கரைப் பக்கமே வர மாட்டா. எதுத்து எதுத்துப் பேசுவா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தெருவே தங்கம், வைரம்னு சொல்லுது. எனக்குச் சந்தேகம் வந்துட்டு. நீ ஒருத்திதான் உண்மையச் சொல்லுத. இவ்வளவுதான் குத்தமா? எம் மவனே ஒம்பது மணிக்குத்தான் எந்திரிக்கான்!"

முழுக்க இனிக்கும் தகவலை எதிரி நம்பமாட்டான், கொஞ்சம் கசப்பைக் கலந்து அனுப்ப வேண்டும். இது என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். நல்ல மதிப்பெண் வேறு வாங்கியிருந்தேன். தெரு இனிப்பைக் கொடுத்தது, கசப்பை நான் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அம்மா எனக்குக் கடலைமிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார். பெண் வாசலில் நின்று, "குத்தம் சொல்லச் சொன்னா சிபாரிசுல்லா பண்ணிட்டிய!" என்று அழுதாள். என் கணவர், "இனிமே வாயத் தொறந்த, பாத்துக்கோ" என்கிறார். நாளை என் மகளைப் பற்றி விசாரிக்க வந்தால் இதே தெருதான் பேசும் என்ற பயமும் இருக்கிறது.

வீடு காலியானால் சொல்லும்படி அந்த அம்மாள் எண் கொடுத்துப் போயிருக்கிறார். மகனைப் பற்றி உளறிய பிறகும் வீடு தேடுகிற வேஷத்தை விடவில்லை. அவரைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு விருப்பமில்லை என்று உண்மையைச் சொல்லலாம். ஆனால் போருக்குப் பிறகு, தானாகத் தேடிவந்து உண்மை சொன்னவர்களைத்தான் உளவுத்துறைகள் அதிகம் சந்தேகித்தன. அது நான்காம் அத்தியாயம்.

தை பிறந்ததும் நிச்சயதார்த்தம். அவரைக் கூப்பிடட்டுமா, இல்லை பெண்ணின் அம்மாவிடமே போய் நிற்கட்டுமா? அனுபவப்பட்டவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.