நெல்லா போட்ட நத்தை கியர்

நெல்லா ஃபவேரோவுக்கு ஊரில் நல்ல பெயர் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. வாய் அப்படி. நியூ சவுத் வேல்ஸுக்குத் தெற்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் புகையிலை போட்ட இத்தாலியக் குடும்பம். ஒன்பது வயதில் டிராக்டர் ஓட்டினாள். ஓட்டினாள் என்பதைவிட ஊர்ந்தாள் என்று சொல்ல வேண்டும். பின்னால் மாட்டிய நடவு இயந்திரத்தில் அம்மாவும் இரண்டு அத்தைகளும் உட்கார்ந்து நாற்றை ஒவ்வொன்றாக மண்ணில் இறக்குவார்கள். கொஞ்சம் வேகம் கூடினாலும் வரிசை கெட்டுவிடும். அம்மா ஈர மண்ணை உருட்டி அவள் முதுகில் எறிவாள். இருப்பதிலேயே கீழான கியரைப் போட்டு, இரண்டு காலையும் எடுத்துவிட்டு, எஞ்சின் போகிற போக்கில் விட வேண்டும் என்று அவள் முதுகு கற்றுக்கொண்டது.

புகையிலை வாங்க ஆள் இல்லாமல் போனதும் புகையிலை உலர்த்திய கொட்டகையைப் பட்டறை ஆக்கினாள். மலைத்தடங்களில் ஓடும் ஜீப்புகளுக்குக் கியர் மாற்றித் தருவது தொழில். பெரிய டயர் மாட்டிக்கொண்டு வருவார்கள். பாறையில் ஏறும்போது கம்பெனி கொடுத்த லோ கியர் போதாது. கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தே ஏறிக் கருக்கிவிடுவார்கள். நெல்லா, கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டியைப் பிரித்து உள்ளே வேறு பல்சக்கரங்களைப் போடுவாள். முன்பு சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் முப்பது சொச்சம் சுற்று சுற்றும்; இவள் கை பட்டபின் தொண்ணூறு. வண்டி நத்தைபோல் போகும், ஆனால் நிற்காது, வழுக்காது.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்வாள். "இறங்கும்போது இடது கால கிளட்ச் பக்கமே கொண்டு போகாத. மிதிச்சா வண்டிய எஞ்சின் புடிச்சிருக்கிறது விட்டுப்போகும். அப்புறம் கல்லு உருள்ற மாதிரிதான். எங்க, திருப்பிச் சொல்லு."

அறுபத்தொரு வயது லெய்ட்டன் ஹின்ச்லிக்கு அது பிடிக்கவில்லை. ஆற்றோரம் மாடு வளர்க்கிறவன், இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவன்.

"நான் உன் பள்ளிக்கூடத்துப் பையனா? நாப்பது வருசமா ஓட்டுறேன்."

"நாப்பது வருசமா தப்பா ஓட்டுற. திருப்பிச் சொல்லு, இல்லேன்னா சாவி கிடையாது."

முணுமுணுத்துச் சொன்னான்.

ஈஸ்டர் சனிக்கிழமை மலைவண்டிக் குழுவோடு பார்சன்ஸ் சரிவில் இறங்கும்போது அவனுடைய ஜீப் பிய்த்துக்கொண்டு ஓடி, யூகலிப்டஸ் மரத்தில் மோதிப் புரண்டது. இடுப்பெலும்பு இரண்டாக உடைந்தது. அவனுக்குப் பின்னால் புது ஆட்டோமேட்டிக் வண்டியில் வந்தவன் குழுவின் செயலாளர் ரஸ் டட்ஃபீல்ட். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்: "நெல்லா போட்ட கியர் நடுச்சரிவுல கழண்டுபோச்சு."

லெய்ட்டனிடம் கேட்டதற்கு ஞாபகம் இல்லை என்றான். ஞாபகம் இல்லாதவனிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை. நெல்லா போட்ட கியர் உள்ள வண்டி எதுவும் குழுவோடு வரக்கூடாது என்று கடிதம் சுற்றுக்குப் போனது. நொறுங்கிய ஜீப்பைக் குழுவின் முற்றத்தில் வேலிக்குப் பின்னால், போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி நிறுத்தினார்கள். பட்டறைக் கதவில் யாரோ 'கொலைகாரி' என்று எழுதினார்கள். செத்தது யார் என்று கேட்டு அதன் கீழேயே நெல்லாவும் எழுதி வைத்தாள். அதுவும் அவள் திமிராகத்தான் கணக்கானது. ரொட்டிக் கடையில் அவளுடைய பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் மேசையில் தள்ளினார்கள். லெய்ட்டனின் மனைவி மர்லீன், தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

ஒரு தடவை நெல்லா அவர்கள் வீட்டுக்கே போனாள். கதவைப் பாதிதான் திறந்தாள் மர்லீன்.

"அவருகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"ராத்திரியெல்லாம் வலியில கத்துறாரு. அவருகிட்ட நீ கேள்வி கேப்பியா? உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இறங்கு படியை விட்டு."

உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று குறைந்ததை நெல்லா கேட்டாள். லெய்ட்டன் காது கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குள் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்தப் படியிலேயே செத்தது.

ஜூனில் தொடங்கும் அந்த ஊர்க் குளிர்காலம் முழுக்க மலைத்தடங்கள் மூடிக் கிடந்தன. அக்டோபர் கடைசியில் குழுக் கூட்டம் நடந்த கூடத்துக்குள் அழைப்பில்லாமல் போய் நின்றாள்.

"அந்த நொறுங்குன வண்டியில இருக்கற சின்னப் பெட்டிய எனக்குக் கொடுங்க. என் வண்டியும் அதே மாடல்தான். மாட்டிக்கிட்டு பார்சன்ஸ் சரிவுல இறங்குறேன். கழண்டா நான் சாகறேன், உங்களுக்கும் நிம்மதி."

"உள்ள புதுசா மாத்திட்டு வந்து ஏமாத்துவ" என்றான் ரஸ்.

"சீல் வை. பெயிண்ட் அடி. பக்கத்துலயே உக்காந்து பாரு. வேற வேலைதான் இல்லையே உனக்கு."

போல்ட்டு ஒவ்வொன்றின் மேலும் ரஸ் தன் கையாலேயே சிவப்புப் பெயிண்ட் பூசினான். பெட்டியைக் கழற்றி அவள் வண்டியில் மாட்டி முடிக்கும்வரை இரண்டு நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

தடம் திறந்த முதல் ஞாயிறு. நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் அவள் புரள்வதைப் பார்க்க வந்தவர்கள். சரிவு முடிந்து ஆற்றுக் கூழாங்கல்வெளி தொடங்கும் இடத்தில் லெய்ட்டன் மடக்கு நாற்காலியில், கைத்தடியோடு. பக்கத்தில் மர்லீன்.

நெல்லா தன் வண்டியின் கதவைக் கழற்றி மரத்தடியில் சாய்த்துவிட்டு வந்திருந்தாள். "என் காலு எல்லாருக்கும் தெரியணும்" என்றாள். முதல் கியரில் போட்டாள். இரண்டு காலையும் தூக்கி முன்பலகைமேல் வைத்துக்கொண்டாள்.

வண்டி விளிம்பைத் தாண்டி மூக்கைக் கவிழ்த்தது. எஞ்சின் உறுமியது. ஒரு பாறையைத் தடவி இறங்கியது, அடுத்ததைத் தடவியது. பக்கத்தில் சரிவில் இறங்கி வந்தவர்கள் அதை முந்திவிடாமல் நின்று நின்று வர வேண்டியிருந்தது. கால்கள் பலகைமேல் அப்படியே இருந்தன.

கடைசி இருபது அடி இருக்கும்போது கத்தினாள். "முன்னாடி நிக்கறவங்க விலகுங்க! இப்ப லெய்ட்டன் செஞ்சதச் செய்யறேன்."

இடது காலை இறக்கிக் கிளட்ச்சை மிதித்தாள்.

உறுமல் அடங்கியது. அடுத்த கணம் வண்டி பாய்ந்தது. அலறிக்கொண்டு ஆட்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். கூழாங்கல் பறக்க, முப்பது அடி தள்ளிப்போய் பிரேக்கில் நின்றது. இறங்கி வந்தாள்.

"பெயிண்டப் பாரு ரஸ். குனிஞ்சு பாரு."

ரஸ் குனியவில்லை. மர்லீன் வண்டியைப் பார்க்காமல் புருஷனின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மிதிச்சியா?"

"ஞாபகம் இல்லன்னு..."

"லெய்ட்டன். மிதிச்சியா?"

அவன் கைத்தடியைத் தூக்கி ரஸ்ஸைக் காட்டினான். "இவன்தான்! ரேடியோவுல விடாம கத்திக்கிட்டே வந்தான். நத்தைக்குப் பின்னாடி எவ்வளவு நேரம்டா வர்றது, ரெண்டாவது கியரப் போடு கிழவா, ரெண்டாவதப் போடுன்னு. மாத்தலாம்னு மிதிச்சேன். ஆமா, மிதிச்சேன்!"

"நான் சும்மா கிண்டல் பண்ணேன்யா" என்றான் ரஸ். முகம் சுண்டிவிட்டது. "கிண்டலுக்கெல்லாம் நீ கியர் மாத்துவியா?"

"ஆறேழு மாசமா ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள் மர்லீன் மெதுவாக. "நான் இவளத் தெருவுல பாத்து எச்சில் துப்பாத குறை." பிறகு நெல்லாவைப் பார்த்துத் திரும்பினாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். "உனக்கு இப்ப சந்தோஷமா? ஊரு முன்னாடி என் புருஷன அசிங்கப்படுத்திட்ட. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"வந்தேனே" என்றாள் நெல்லா. "படியை விட்டு இறக்கி விட்டியே."

மர்லீன் லெய்ட்டனை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்துவிட, அவனை வீட்டில் கொண்டுவிட ரஸ்ஸின் வண்டி மட்டும்தான் மிஞ்சியது. அதில் ஏற மாட்டேன் என்று சாயங்காலம் வரை ஆற்றோரத்திலேயே உட்கார்ந்திருந்தானாம்.

குழு அந்தக் கடிதத்தை ஒரே வரியில் திரும்பப் பெற்றது. வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. நெல்லா பதில் எழுதினாள்: குழுவில் உள்ள யாருடைய வண்டியையும் இனித் தொட மாட்டேன். அதிலிருந்து அவள் மாறவே இல்லை. கியர் தேய்ந்தால் அவர்கள் மலையைச் சுற்றி மூன்று மணி நேரம் வேறு ஊர்ப் பட்டறைக்குப் போகிறார்கள். அவளிடம் வருவது டாஸ்மேனியாவிலிருந்தும் நியூ சவுத் வேல்ஸிலிருந்தும்.

பிப்ரவரியில் லெய்ட்டன் பட்டறை வாசலுக்கு வந்தான். அவள் ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்தாள். பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அந்த பூட்ஸைப் பார்த்தே பேசினான்.

"என் மேலதான் தப்பு நெல்லா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லிட்டியா?"

"ஆமா."

"அப்பக் கிளம்பு. வெளிச்சத்த மறைக்கிற."

அவன் போன பிறகு, கையில் இருந்த பல்சக்கரத்தை மாட்ட முயன்று இரண்டு தடவை நழுவவிட்டாள். தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாவது தடவை சரியாக உட்கார வைத்தாள்.