புகைபோக்கியைப் பற்றி நான் சொன்ன தீர்ப்பு

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், மோர்னிங்சைட்டில் உள்ள எங்கள் வீட்டின் புகைபோக்கிக்குப் பழுதில்லை என்று தீர்ப்புச் சொன்னவன் நானே. பொறியியல் படித்தவன், இலங்கையில் அரச கட்டடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவன். வீட்டோரப் பனியின்மேல் செங்கற் சிதறல்களும் சுட்ட களிமண் ஓட்டுத் துண்டுகளும் கிடந்ததைக் கண்டபோது, கோடையில் பார்க்கலாம் என்றேன். அந்த ஓடு புகைபோக்கியின் உட்புறத்துக்கு உரியது என்பதை நான் அறிவேன். ஆயினும், வீடு வாங்கிய நாளில் நானே ஏறிப் பார்த்து, நூறு வருடம் நிற்கும் என்று அயலாரிடம் கூறியிருந்தேன்.

வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்ற்றில் இளந்தம்பதியர் கைக்குழந்தையுடன் வாடகைக்கு இருந்தனர். அதன்பின் ஒருநாள் அந்தப் பெண் படியேறி வந்தாள்.

"அங்கிள், காலமை எழும்பினா ஒரே தலையிடி. வெளியில போனாச் சுகமாயிடுது."

"யன்னல் பூட்டிக் கிடக்கிறதாலதான் பிள்ளை" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை மனைவி கரி மூட்டிச் சாம்பிராணி போட்டாள். மேல்வீட்டுச் சுவரிலிருந்த நச்சுவாயு அலாரம் அலறியது.

"உதுக்குச் சாமி எண்டாலே பிடிக்காது. கழட்டுங்கோப்பா."

வெள்ளிதோறும் நடப்பதுதான். பற்றரியைக் கழற்றி வைத்தேன்.

மறுநாள் முற்பகல் பற்றரியை மீண்டும் பொருத்தினேன். சாம்பிராணித் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. வீட்டில் துளிப் புகையில்லை. அலாரம் மறுபடியும் அலறியது.

பனியில் கிடந்த ஓட்டுத் துண்டுகள் நினைவுக்கு வந்தன. மேலே புகைபோக்கி அடைபட்டால், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் உலை கக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே தங்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஃபேர்னஸ் இருப்பதோ குழந்தை உறங்கும் அறைக்குப் பக்கத்தில்.

கீழே ஓடிக் கதவைத் தட்டினேன். பதிலில்லை. என்னிடமிருந்த திறப்பால் திறந்தேன். கணவன் வேலைக்குப் போயிருந்தான்; அந்தப் பெண் கட்டிலோரம் சாய்ந்திருந்தாள்.

"எழும்ப ஏலாமக் கிடக்கு அங்கிள்."

குழந்தையைத் தூக்கினேன். தலை என் தோளில் துவண்டு விழுந்தது. மனைவி அவளைத் தாங்கிவர, கோட்டுக்கூட இல்லாமல் பனியில் நின்றோம். மனைவி அவசர இலக்கத்தை அழைத்தாள். குழந்தை அழவில்லை. அதன் மூக்கருகே விரலை வைத்தேன். குளிரில் விரல் மரத்திருந்ததால் மூச்சு வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளில் அதைவிட நீண்ட நேரத்தை நான் அறியேன்.

பின்பு அது இருமியது; முகம் சுருங்கி அழத் தொடங்கியது.

தீயணைப்பு வண்டி வந்தபோது எதிர்வீட்டுக்காரர் சிரித்தபடி வெளியே வந்தார்.

"என்ன அண்ணை, சாம்பிராணிக்கும் ஃபயர் ரக்கோ?"

ஓம் என்று ஒரு சொல் போதுமாயிருந்தது. நாவின் நுனிவரை வந்தும்விட்டது.

"இல்லை. சிம்னி உள்ளுக்க இடிஞ்சுபோச்சு. ரெண்டு கிழமையா எனக்குத் தெரியும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.  இரு கைகளையும் நீட்டி, குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.