டெஃபனட்லி சொல்ல மாட்டேன்

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் போன் எடுக்கும் வேலை அவருக்கு. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘கறார் அக்கா’. சேர்ந்த அன்றே மேனேஜர் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்திருந்தார். யார் கூப்பிட்டாலும், “எங்க ஆள் டெஃபனட்லி இன்னைக்கு வந்துடுவார்” என்று சொல்ல வேண்டும். அவரும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் காலை ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். மனைவி சக்கர நாற்காலியில் இருக்கிறார், மதியம் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், லிஃப்ட் நின்றுவிட்டது. கறார் அக்கா வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். மெக்கானிக் ஊரின் மறுகோடியில் மாட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அன்று யாரும் போகவில்லை.

மறுநாள் பெரியவர் மறுபடி கூப்பிட்டார். கோபப்படவில்லை. “ராத்திரியெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கிடுச்சும்மா. இப்ப பரவால்ல. நீங்க டெஃபனட்லின்னு சொன்னீங்க. இல்லன்னா நாலு பேரக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போயிருப்பேன்.”

திட்டியிருந்தால்கூடக் கறார் அக்கா தாங்கியிருப்பார். அன்றிலிருந்து அந்த வார்த்தையை விட்டுவிட்டார். “மெக்கானிக் வேற இடத்துல இருக்கார். வர்றது சந்தேகம்தான். வேற ஏற்பாடு இருந்தா பண்ணிக்குங்க” என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

போன் பேச்சுகளின் பதிவைக் கேட்ட மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“கண்டிப்பான்னு சொன்னாத்தாங்க சத்தியம் பண்ண மாதிரி. டெஃபனட்லி லேசான வார்த்தை. இங்கிலீஷ்காரனே ‘ஆமா’ன்னு சொல்ற இடத்துல எல்லாம் அதத்தான் சொல்றான்.”

“சொல்றவங்களுக்கு லேசு சார். மாடியில காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அது கண்டிப்பாதான்.”

“ஒரு ஆறுதலுக்கு சொல்றது.”

“ஆறுதலுக்கு ‘அநேகமா’ன்னு சொல்றேன். அதுவே பொய்யா இருந்தா அதையும் சொல்ல மாட்டேன்.”

“முடிவா கேக்குறேன். சொல்வீங்களா, மாட்டீங்களா?”

“டெஃபனட்லி மாட்டேன் சார்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாளே கறார் அக்காவைப் பின்கட்டிலிருந்த உதிரிபாக அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் கிடையாது. கிரீஸ் வாடை புடவையில் ஏறினால் துவைத்தாலும் போகாது.

பஸ் ஓட்டும் கணவருக்கு வருத்தம். “ஊரோட ஒத்துப் போனா என்ன? வண்டி நிறைஞ்சுட்டா நான்கூட ‘பின்னாடியே அடுத்த பஸ் வருது’ன்னு சொல்லிட்டுத்தான் போறேன்.”

“வருதா?”

அவர் புடவையின் கிரீஸ் கறைக்குச் சோப்புப் போட்டார்.

முன்னறையில் புதிதாக உட்கார்ந்த பெண் வாய்க்கு வாய் டெஃபனட்லி சொன்னாள். காத்திருந்து ஏமாந்தவர்கள் நேரிலேயே வந்து மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள். பின்னறையிலோ கறார் அக்கா, பாகம் வாங்க வரும் ஒவ்வொரு மெக்கானிக்கிடமும், “அடுத்து எங்க போறீங்க? வேலை முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே அவங்களுக்கு போன் போடுங்க” என்று நின்று கேட்டார். முதலில் முணுமுணுத்தார்கள். வாடிக்கையாளர்களிடம் வாங்கும் ஏச்சு குறைந்ததும் அவர்களே போன் போட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் மேனேஜரே உதிரிபாக அறை வாசலில் வந்து நின்றார்.

“நாளைலேர்ந்து முன்னாடி வந்துடுங்க. பெரிய ரிப்பேருக்கு வேண்டாம். சின்ன ரிப்பேருக்கு மட்டும் அந்த வார்த்தையச் சொல்லுங்க, போதும்.”

“சின்னதா பெரிசான்னு மாட்டிக்கிட்டவங்கதானே சார் சொல்லணும்?”

மேனேஜர் திரும்பிப் போய்விட்டார். கறார் அக்கா லிஃப்ட் சக்கரங்கள் இருந்த பெட்டியை இழுத்து, துருப்பிடித்தவற்றைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினார். இன்றுவரை அவருக்கு அந்த அறைதான்.